கலகலா

மாவை வெட்டுவது மட்டும் என் வேலை.
பர்கூர் ரோட்டில் கிரானைட் பாலிஷ் கம்பெனி,
பதினோரு வருஷமாகக் கல் அறுக்கிறேன்.
இருபது எம்எம் என்றால் இருபதுதான்.
மாவைத் தேய்த்துக் கொடுத்தால்
ஸ்கேல் இல்லாமல் கோடு போடுவேன்.
ஒரு சாய்சதுரம் பக்கத்துச் சாய்சதுரத்தோடு
எல்லைத் தகராறு செய்யாது.

எலத்தகிரியில் டிசம்பர் இருபத்துமூணு.
தெருவெல்லாம் ஸ்டார் தொங்குகிறது.
ஜெசிந்தா கேழ்வரகு பாதி, மைதா பாதி,
தேங்காய்ப் பாலில் பிசைந்து
இரண்டு தட்டில் உருட்டி வைத்தாள்.
ஒன்று சர்க்கரை சேர்த்தது.
ஒன்றுக்கு இனிமேல்தான் உப்பும் ஓமமும்.
மத்திகிரியிலிருந்து அவள் அண்ணன்கள் வருவார்கள்,
பிள்ளைகளோடு பதினாலு பேர்.
இரண்டு டின்னாவது வேண்டும்.

அடுப்பைப் பார்த்தபடியே
ஏதோ கேட்டிருக்கிறாள்.
"ம்" என்றேன்.

இந்த "ம்" என் கைவசம் இருக்கும் சரக்கு.
சூப்பர்வைசருக்கு ஒன்று, பஸ் கண்டக்டருக்கு ஒன்று,
பாவசங்கீர்த்தனத்தில் சாமியாருக்கும் ஒன்று.
முக்கால்வாசி நேரம் சரியாகவே பொருந்திவிடும்.

அவள் கேட்டது:
"இடது பக்கத் தட்டுதானே காரத்துக்கு?"

கடலை எண்ணெய் காய்ந்தது.
வெட்டியதை அள்ளிப் போட்டாள்.
நுரை பொங்கிப் பொங்கி,
பிறகு அடங்கும்.
"சத்தம் நின்னா எடுக்கணும்" என்பாள் எப்போதும்.
எனக்கு அது நின்று மூன்று வருஷம் ஆகிறது.
நுரையைப் பார்த்துத்தான் எடுக்கிறேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் வாட்ச்மேன் வேலைக்கு மாற்றுவார்கள்,
நாலாயிரம் குறையும்.

ஆறியதில் ஒன்றை எடுத்துக் கடித்தவள்
மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.
சர்க்கரை மாவுக்குள்
கல்லுப்பு, ஓமம், மிளகாய்த்தூள்.
திட்டுவாள் என்று நிமிர்ந்தேன்.
திட்டவில்லை.
என்னைத் தாண்டிப் பின்பக்கம் போனாள்.
உப்பு டப்பாவை வைக்கப் போகிறாள் என்று
நான் அடுத்த வட்டத்தில் கோடு போட்டேன்.

புளோராதான் பிறகு சொன்னாள்,
முகத்துக்கு நேரே வந்து, நிறுத்தி நிறுத்தி:
அம்மா முதலில் "என்னங்க" என்றாளாம்.
இரண்டாவதும் "என்னங்க".
அப்புறம் "தைரியநாதன்" என்றாளாம்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில்
ரேஷன் கடையில்கூட
விரலால் அட்டையைக் காட்டுவாளே தவிர
என் பெயரைச் சொன்னதில்லை.
சொன்ன ஒரு முறையும்
எனக்குப் பின்னால், மூன்றடி தூரத்தில்.
நான் ஓரத்தில் மிஞ்சிய மாவை
உருட்டிக்கொண்டிருந்தேன்.

முன்னால் வந்து உட்கார்ந்தாள்.
கை முழுக்க மாவு.
என் இரண்டு காதையும் பிடித்தாள்,
பிள்ளைகளைத் தோப்புக்கரணம் போடச் சொல்கிற மாதிரி.
அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.
எண்ணெய் புகைய ஆரம்பித்த பிறகுதான் விட்டாள்.

மாவைக் கொட்ட மனசில்லை.
மீதியையும் அதே கலவையாகப் பிசைந்து பொரித்து
வெல்லப்பாகு கம்பிப் பதத்தில் மேலே ஊற்றிப்
புரட்டினோம், இரவு ஒரு மணி வரை.

பண்டிகையன்று பதினாலு பேரும்
பிரியாணிக்கு இடம் வைக்காமல் தின்றார்கள்.
முதலில் இனிப்பு, அப்புறம் சுருக்கென்று காரம்,
கடைசியில் நாக்கில் உப்பு நிற்கிறதாம்.
"இது யார் ஐடியா?" என்றார் பெரிய மச்சான்.
உதட்டைப் பார்த்துப் பிடித்துவிட்டேன்.
ஜெசிந்தா என் பக்கம் கை காட்டினாள்.

கூடம் முழுக்க வாய்கள் அசைந்தன.
பெயரே கலகலா. எனக்கு ஊமைப்படம்.
ஒன்றை எடுத்துக் கடைவாயில் வைத்து
அழுத்தினேன்.
தாடை எலும்பு வழியாக ஏறி
மண்டைக்குள் உடைந்தது,
பெரிய பிளாக் கல்
உளி வைத்த கோட்டில் பிளக்கும்போது
கேட்குமே, அதே மாதிரி.
இன்னொன்று எடுத்தேன்.

சனிக்கிழமை கிருஷ்ணகிரியில்
காது டாக்டர். டோக்கன் ஏழு.
போகிற வழியில் கொறிக்க
ஒரு சின்ன டப்பா கட்டி வைத்திருக்கிறாள்.